பதினேழில் நின்ற அரிசி

கரூர் புறவழிச்சாலையில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. தொழிலாளர் துறைக்காரர்கள் சோதனைக்கு வந்தால் அங்கே முதலில் ஒளிய வேண்டியவன் ஜெபஸ்டின். வயது நாற்பத்தொன்று, காதோரம் நரை, குனிந்து நிமிர்ந்தால் முட்டியில் ஒரு சத்தம். சட்டத்தின் கணக்கில் அவன் ஒரு குழந்தைத் தொழிலாளி.

அன்றைக்கும் வாசலில் ஜீப் வந்து நின்றதும் முதலாளி பதறிப்போய், "ஜெபா, உள்ள போயிரு" என்றார். பாதி முடிந்திருந்த பஸ்ஸின் பின்பக்கச் சாமான் அறைக்குள் அவன் சுருண்டு படுத்துக் கதவை இழுத்துக்கொண்டான். வந்திருந்த அதிகாரிக்கு மீசை இப்போதுதான் கறுத்திருந்தது. அந்தப் பிள்ளை ஒவ்வொருவர் மணிக்கட்டாகக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "சின்னப் பசங்க யாரும் இல்லைல்ல?" என்று அதட்டினான். பெயிண்ட் நெடியில் ஜெபஸ்டினுக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு கிடந்தான்.

மணிக்கட்டுத் தோலுக்கு அடியில் இருப்பதற்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது, யாரும் சொல்வதில்லை. பார்க்க அரிசிமணி மாதிரி இருப்பதால் ஜனங்கள் அதை அரிசி என்றே சொல்லிவிட்டார்கள். பிறந்த வாரத்திலேயே போட்டுவிடுவார்கள். அது வயதை எண்ணிக்கொண்டே இருக்கும். சினிமாக் கொட்டகை, வங்கி, பஸ், பிராந்திக் கடை, ரேஷன் கடை என்று எல்லா வாசலும் அதைக் கேட்டுத்தான் ஆளை விடும். ஆனால் வாசலுக்கு வயதை மட்டும்தான் சொல்லும், ஆள் யாரென்று சொல்லாது. அதைக் கேட்கும் உரிமை நீதிமன்ற வாசலுக்கு மட்டுமே உண்டு.

வழக்கில் சிக்கிய சிறுவனோ சிறுமியோ விசாரணைக்கு வராமல் ஓடிப்போனால் அந்த அரிசியை நிறுத்திவிடுவார்கள். கெட்ட எண்ணத்தில் போட்ட சட்டமில்லை. பயந்து ஓடுகிற பிள்ளை, ஓடின குற்றத்துக்காகப் பெரியவர்களோடு கூண்டில் நிற்கக் கூடாது. எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் பிள்ளையாகவே நடத்தப்பட வேண்டும் என்று இளகிய மனசுக்காரர்கள் கூடிப் பேசி எழுதினார்கள். இளகிய மனசுக்காரர்கள் கட்டுகிற வீட்டில்தான் ஜன்னல் வைக்க மறந்துபோகிறது. ஓடியவன் திரும்பி வராமலே இருந்தால் என்ன ஆவான் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என்ன ஆவான் என்பதை ஜெபஸ்டின் இருபத்து நான்கு வருஷமாக ஆகிப் பார்த்துவிட்டான். வண்டி ஓட்ட உரிமம் கிடையாது, ஓட்டு கிடையாது. யார் வேலை கொடுத்தாலும் கொடுத்தவருக்குத் தண்டனை. அவன் கோகிலவாணியைக் கோயிலில் மாலை மாற்றிக் கட்டிக்கொண்டபோது அவனுக்கு இருபத்திரண்டு, அவளுக்கு இருபது. பதிவு அலுவலகத்து வாசல் சிவப்பு விளக்கை எரித்து, பெற்றோரை அழைத்துவரச் சொன்னது. கல்யாணம் பதிவாகவில்லை. மகள் பிறந்தபோதும் தகப்பன் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. கோகிலவாணி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அவள் அண்ணன் நவநீதன்தான் காகிதத்தில் பிள்ளைக்குக் காப்பாளர். சோறு போட்டு, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது ஜெபஸ்டின். ஆனால் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் வாசல் அவனைப் பிள்ளைகளோடு மைதானத்துக்கு அனுப்பிவிடும்.

மகளிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் அவன் சொல்லிவைத்தது ஒன்றே ஒன்று. அரிசி பழுது.

சோதனை முடிந்து வீட்டுக்குப் போனபோது கட்டிலில் நவநீதன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பை, துணி அடுக்கி, தயாராக. மகள் நறுமுகை சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படிக்கிறாள். பதினேழு முடியப்போகிறது. பிள்ளைகளின் வழக்கை விசாரிக்கும் நீதிமன்றமான சிறார் அவையிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. நாளை மறுநாள் வரவேண்டும்.

செய்தது சின்ன வேலையில்லை. செம்புத் தகடும் இரண்டு சில்லும் வைத்து ஒரு காப்பு செய்திருந்தாள். அதை மாட்டிக்கொண்டால் எந்த அரிசியும் வாசலுக்கு முப்பது வயது என்று பொய் சொல்லும். முதல் காப்பை அப்பாவுக்குத்தான் மாட்டிவிட்டாள். பாலிடெக்னிக் ஆண்டு விழாவுக்கு ஜெபஸ்டின் அதைப் போட்டுக்கொண்டு போனான். வாழ்க்கையில் முதல்முறையாகப் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து மகள் பரிசு வாங்குவதைப் பார்த்துக் கை வலிக்கத் தட்டினான். அந்தச் சந்தோஷத்தில் இது தப்பு என்று அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அதைப் பார்த்த தோழிகள் எங்களுக்கும் ஒன்று என்றார்கள். அவர்களில் ஒருத்தி சினிமா வாசலில் பிடிபட்டாள்.

"வாங்க மாப்ள, உக்காருங்க" என்றான் நவநீதன். "கர்நாடகாவுல, பல்லாரில என்ற சிநேகிதன் நூல்மில்லு வெச்சிருக்கான். பேசிட்டேன். நம்ம புள்ள ரண்டு வருசம் அங்க இருந்துட்டு வரட்டும். அதுக்குள்ள எல்லாம் ஆறிப் போயிரும்."

"ஆறாது மச்சான்."

"ஆறாட்டிப் போகுது. புள்ளையப் புடிச்சு உள்ள வெச்சிருவாங்க, பரவால்லீங்களா?"

"ஓடக்கூடாது. அந்தப் பைய எடுத்து உள்ள வைங்க."

நறுமுகைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கென்னப்பா தெரியும்? ஒரு ஆபீஸ் வாசப்படிய மிதிச்சிருக்கியா நீ? அரிசி பழுது, அரிசி பழுதுங்கற. ஒருக்காவாச்சும் போயி மாத்திக் குடுங்கன்னு கேட்டியா? நீ கேட்டிருந்தா நான் எதுக்கு அந்தக் காப்பச் செய்யறேன்?"

இதற்கு மேல் மூடி வைக்க முடியாது என்று ஜெபஸ்டினுக்குத் தெரிந்துபோயிற்று. சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தான்.

"பழுதில்ல. நிறுத்தி வெச்சிருக்காங்க."

சொல்லச் சொல்ல அவன் பேச்சில் இத்தனை வருஷக் கரூர் உதிர்ந்து தூத்துக்குடி வந்துவிட்டது.

"ஸ்கூல் கிரவுண்டுல வெளாட்டு. அவுட்டா இல்லையான்னு சண்ட. நான் கோவத்துல ஸ்டம்பப் புடுங்கி வீசிட்டேன். ரிச்மண்டுன்னு ஒரு பையன். அவங்கூட எனக்கு ஒரு சண்டையும் கெடையாது, சும்மா குறுக்க நின்னான். கண்ணுல பட்டுட்டு. எடது கண்ணு போச்சு. போலீஸ்காரம்மா சாதா சேலைல வீட்டுக்கு வந்தா. திங்கக்கெழம பையன அவைக்குக் கூட்டிட்டு வாங்கன்னா. கூட்டிட்டு வாரேன்னு எங்கய்யா அவ நீட்டுன பலகைல கைய வெச்சு உறுதி குடுத்தாரு. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறேன்னு சொல்லிட்டு நான் பஸ் ஏறிட்டேன்."

"ஏம்ப்பா?"

"அடிப்பாங்கன்னு பயம். வேற ஒண்ணுமில்லம்மா. அடிப்பாங்கன்னுதான்."

"அப்புறம் போகவே இல்லியா?"

"மொதல்ல பயம். பொறவு வெக்கம். ஐயா செத்ததே ஒரு லாரி டிரைவர் சொல்லித்தான் தெரியும். அப்ப நீ மூணாங்கிளாசு."

நவநீதன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். "என்ற தங்கச்சிக்குத் தெரியுங்களா இது?"

"தெரியும் மச்சான். யார்ட்டயும் சொல்ல வேண்டாம்னு சொன்னதே அவதான்."

நறுமுகை அவன் எதிரே வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, அரிசி இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"சரி. நான் ஓடல" என்றாள். "ஆனா நீயும் வரோணும்."

"நான் வந்தா வாசல்லயே தெரிஞ்சுரும். என்னைய விடமாட்டாங்க."

"என்னைய மட்டும் விடுவாங்களா? என்ன நடந்தாலும் நடக்கட்டும், ஓடாதேன்னு நீதான சொன்ன? அது எனக்கு மட்டுமா?"

உண்மையைச் சொல்வதானால், அடுத்த நாள் முழுக்க அவன் ஓடுவதைப் பற்றித்தான் யோசித்தான். பட்டறைக்கு எதிரே பல்லாரிப் பக்கம் போகும் லாரிகள் நிற்கும். எந்த லாரி எப்போது கிளம்பும் என்று அவனுக்கு அத்துப்படி. ஒருமுறை ஓடியவனுக்குக் கால் அந்தப் பக்கமே திரும்பும். தன் புத்தி இன்னும் பதினேழிலேயேதான் நிற்கிறது, அரிசியைக் குறை சொல்லி என்ன பயன் என்று தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டான். பிறகு சாயங்காலம் கடைக்குப் போய் முகச்சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தான்.

சிறார் அவை முன்பு மழலையர் பள்ளியாக இருந்த கட்டடத்தில் நடந்தது. சுவரில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் நிறம் மங்காமல் இருந்தன. நறுமுகை முதலில் உள்ளே போனாள், அவள் பின்னால் நவநீதன். ஜெபஸ்டின் வாசலில் ஒரு காலை வைத்ததும் மேலே நீல விளக்கு ஒன்று எரிந்தது. அவன் எந்த வாசலிலும் பார்த்திராத நிறம். சுவரிலிருந்து ஒரு பெண் குரல் மெதுவாகப் பேசியது.

"வா, ஜெபஸ்டின். நீ வந்தது நல்லது. பயப்படாதே. இங்கே உன்னை யாரும் அடிக்க மாட்டார்கள்."

ஓடிப்போன பிள்ளை திரும்பி வந்தால் சொல்வதற்கென்று எப்போதோ யாரோ பதிந்துவைத்த குரல். அவன் அங்கேயே நின்றுவிட்டான். இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால், அந்தத் திங்கட்கிழமை, தூத்துக்குடி வாசலிலும் இதே குரல் இதைத்தான் சொல்லியிருக்கும். அவன் கேட்க வரவில்லை, அவ்வளவுதான்.

சுடிதார் போட்டிருந்த பெண் போலீஸ் ஒருத்தி ஓடி வந்து, அவனைப் பார்த்ததும் திகைத்து, பிறகு விதிப்படி அவன் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிப்போனாள். குட்டை நாற்காலியில் உட்காரவைத்துப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்தாள். முட்டி மோவாயில் இடிக்க அவன் உட்கார்ந்து பாலைக் குடித்தான். வேண்டாம் என்று சொன்னால் அதற்கும் ஏதாவது விதி இருக்குமோ என்று பயமாக இருந்தது.

அவைத் தலைவி முபீனா நடுத்தர வயதுக்காரி. உயர்ந்த மேடை கிடையாது. எல்லாரோடும் வட்ட மேசையில் உட்கார்ந்திருந்தாள். நறுமுகையை முதலில் விசாரித்தாள்.

"காப்பு யாருக்காகச் செஞ்சே?"

"அப்பாவுக்காக மேடம்."

"மத்தவங்களுக்கு?"

நறுமுகை தலை குனிந்தாள். "பெருமைக்காக."

முபீனா சிரித்துவிட்டாள். "இங்க வர்றவங்க யாரும் இந்தப் பதிலைச் சொன்னதில்லை. சொன்ன நாள்ல வந்துட்டே. கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லிட்டே. பாதி வழக்கு அங்கயே முடிஞ்சு போச்சு." வயது வாசல்களைப் பழுது பார்க்கும் பிரிவில் மூன்று மாதம், சனி ஞாயிறுகளில் வேலை செய்ய வேண்டும். ஏமாற்றத் தெரிந்தவள் ஏமாறாமல் இருக்கவும் சொல்லிக்கொடுக்கட்டும். அவ்வளவுதான் தீர்ப்பு. நவநீதன் நம்ப முடியாமல் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டான்.

பிறகு அவள் ஜெபஸ்டின் பக்கம் திரும்பினாள். "சட்டப்படி உங்களைத் தம்பின்னுதான் கூப்பிடணும். எனக்கு வாய் வரலை. தப்பா எடுத்துக்காதீங்க."

"என்னைய என்ன செய்வீங்க மேடம்?"

"அன்னிக்கு வந்திருந்தா என்ன செஞ்சிருப்பாங்களோ அதையேதான் செய்யணும். அந்த வருஷத்துத் தீர்ப்புகளை எல்லாம் பார்த்தேன். இந்த மாதிரி வழக்குல எல்லாருக்கும் ஒண்ணுதான். கண் ஆஸ்பத்திரியில ஆறு மாசம். பார்வை இல்லாதவங்களைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஜெபஸ்டினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. ஆறு மாசம்! ஆறு மாசத்துக்குப் பயந்து ஒரு ஆயுசைக் கொடுத்திருக்கிறான்.

"வழக்கு மறுபடி தொடங்கினா அரிசி சரியாயிருமா?"

"ஓட ஆரம்பிக்கும். ஆனா விட்டுப்போன வருஷம் திரும்ப வராது. பதினேழுல இருந்துதான் ஓடும்." தயங்கிவிட்டுச் சொன்னாள். "உங்களுக்கு அறுபது ஆகறப்போ நிஜத்துல எண்பத்து நாலு ஆகியிருக்கும்."

"அது போகட்டும். ரிச்மண்டு எப்படி இருக்கான்?"

"வலைக்கடை வெச்சிருக்கார், தூத்துக்குடியிலேயே. நல்லா இருக்கார். ஆனா வழக்கு முடியாததால அவரையும் அப்பப்போ கூப்பிட்டுக் கேட்டுட்டே இருந்திருக்காங்க. அவரும் வேலையை விட்டுட்டு வந்து வந்து போயிருக்கார். ஓடினது நீங்க ஒருத்தர். நின்னுபோனது நிறையப் பேருக்கு." முபீனா எதிரே இருந்த திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "உங்கப்பா விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"செத்துட்டாரு. தெரியும்."

"அதில்லை. பையனைக் கூட்டிட்டு வர்றேன்னு அவர் கை வெச்சார். கூட்டிட்டு வரலைன்னா, கை வெச்சவங்க அரிசியும் நின்னுடும். அது விதி."

"எங்கய்யா அரிசியா?"

"ஐம்பத்தேழுல நின்னுது."

ஜெபஸ்டினுக்கு முதலில் புரியவில்லை. நறுமுகைக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஹார்பர்ல மூட்டை தூக்கிட்டு இருந்தார்" என்றாள் முபீனா. "அறுபது ஆனா ஓய்வு. ஓய்வூதியம், பஸ்ஸுல உட்கார இடம், ஆஸ்பத்திரியில முன்வரிசை எல்லாம் அறுபதுக்கு மேலதான். அவருக்கு அறுபது ஆகவே இல்லை. எழுபத்தொரு வயசுலயும் மூட்டைதான் தூக்கியிருக்கார். அவர் இறந்த பதிவுலயும் வயசு ஐம்பத்தேழுன்னு இருக்கு."

இருபத்து நான்கு வருஷமாக ஜெபஸ்டின் தன்னைப் பற்றித்தான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான். உரிமம் இல்லை, ஓட்டு இல்லை, மகள் பேருக்குப் பக்கத்தில் தன் பேர் இல்லை என்று. வயதான ஒரு மனுஷன், முதுகில் மூட்டையோடு, இன்னும் மூன்று வருஷம் இன்னும் மூன்று வருஷம் என்று பலகை மேல் ஏறிக்கொண்டிருந்ததை அவன் ஒருநாள்கூட நினைக்கவில்லை. யானை வரைந்த சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். பெண் போலீஸ் விதிப்படி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள், அதற்கு விதி எதுவும் இல்லை.

வழக்கு நடக்க வேண்டுமானால் சிறுவனுக்குக் காப்பாளர் ஒருவர் கை வைக்க வேண்டும். நவநீதன் எழுந்து வெளியே போய்விட்டான். ஜெபஸ்டின் பின்னாலேயே போனான்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ள. எனக்கும் நாப்பத்தேழு ஆச்சு. ரண்டு புள்ளைங்க. நாளைக்கு எதாச்சும் ஒண்ணுன்னா..."

"நான் ஓடமாட்டேன் மச்சான்."

"அன்னிக்கு உங்கய்யாகிட்டயும் பூசைக்குப் போறேன்னுதானுங்க சொன்னீங்க."

ஜெபஸ்டினுக்கு மச்சான் மேல் கோபம் வரவில்லை.

காப்பாளர் இல்லாத சிறார் போகவேண்டிய இடம் அரசாங்கத்தின் சிறார் இல்லம். நாற்பத்தொரு வயதுக்காரன் தட்டும் டம்ளரும் வாங்கிக்கொண்டு, பையன்கள் படுக்கும் கூடத்தில் ஒரு பாயை விரித்தான். முதல் நாள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காலையில் வரிசையில் நிறுத்தி அவனுக்கும் சத்துமாவு கொடுத்தார்கள். கணக்கு வாத்தியார் அவனைக் கரும்பலகைக்கு அழைக்கவா வேண்டாமா என்று தவித்துவிட்டு, கடைசியில் அழைத்தே விட்டார். கணக்கு தப்பாகத்தான் வந்தது. இல்லத்தின் பின்சுவர் அவன் தோளுயரம்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்தான், தாண்டவில்லை.

ஐந்தாவது வாரம் அவனை மறுபடி அவைக்குக் கூட்டிப்போனார்கள். வட்ட மேசையில் நறுமுகை தனியாக உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் கத்தரிப்பூ நிறச் சேலையைக் கட்டியிருந்தாள். கட்டத் தெரியாமல் கட்டியது. கொசுவம் ஒரு பக்கமாகப் போயிருந்தது.

"முந்தாநேத்து எனக்குப் பதினெட்டு ஆச்சுப்பா" என்றாள்.

அவனுக்கு ஒரு கணம் சந்தோஷம். அடுத்த கணம் அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று புரிந்து பதறிப்போனான்.

"வேண்டாம். மேடம், இவகிட்டக் கை வாங்காதீங்க. நான் இல்லத்துலயே இருந்துக்கிடுதேன். எவ்வளவு வருசம் ஆனாலும் இருக்கேன்."

"உங்களுக்குப் பேச உரிமை இல்லை. நீங்க சிறார்" என்றாள் முபீனா, வருத்தத்தோடு. நறுமுகை பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சுதான் வெக்கறியாம்மா? இவர் ஏற்கெனவே ஒருத்தரை விட்டுட்டுப் போனவர். மறுபடி போனா உனக்குப் பதினெட்டோட நின்னுடும். அவர் திரும்பி வர்ற வரைக்கும்."

"தெரியும் மேடம். வாசல் ரிப்பேருக்குப் போறேன்ல, விதி பூராவும் படிச்சுட்டேன்."

"ஏட்டி, சொன்னாக் கேளு" என்று ஜெபஸ்டின் கத்தினான். "எங்கய்யா தெரியாமக் கைய வெச்சாரு. தெரிஞ்சிருந்தா வெச்சிருப்பாரா?"

முபீனா அவனை நிமிர்ந்து பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"கை வெக்கும்போது தெரிஞ்சிருக்காது" என்றாள். "ஆனா அதுல இருந்து விடுபட ஒரு வழி இருக்கு. வருஷம் ஒருதடவை காப்பாளரைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. 'என் பையன் இனி வரமாட்டான்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவர் அரிசி அன்னிக்கே ஓட ஆரம்பிச்சுடும். உங்கப்பாவைப் பதினாலு தடவை கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க."

"என்ன சொன்னாரு?"

"பதினாலு தடவையும் ஒரே பதில்தான். 'வந்துருவான்.'"

நறுமுகை சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு, மேசைமேல் இருந்த பலகையில் கையை வைத்தாள். அது சின்னதாக ஒரு ஒலி எழுப்பியது. ஜெபஸ்டினின் மணிக்கட்டில் ஒன்றும் தெரியவில்லை, வலிக்கவும் இல்லை. ஆனால் அவனுக்கு வயது ஓடத் தொடங்கிவிட்டது.

முபீனா நிபந்தனைகளைப் படித்தாள். மறு திங்கட்கிழமை முதல் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பொழுது சாய்ந்தபின் ஊர் சுற்றக் கூடாது. கெட்ட சகவாசம் கூடாது. காப்பாளர் அனுமதி இல்லாமல் மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் நறுமுகை, "பாத்துக்கறேன் மேடம்" என்று பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் ஜெபஸ்டின் அவளுக்கு ஒரு அடி பின்னால் நடந்தான். பஸ் நிறுத்தத்தில் நின்று, மகள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"திங்கக்கெழமைக்கு முன்னால ஒரு தடவ தூத்துக்குடி போயிட்டு வரட்டுமா?"

கேட்டபிறகுதான் என்ன கேட்டிருக்கிறோம் என்று அவனுக்கே உறைத்தது. அரிசி ஓட ஆரம்பித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. "இல்ல, நீயும் கூட வா. சேந்து போவோம்" என்று அவசரமாகச் சொன்னான்.

"எனக்கு நாளைக்குப் பரீட்சை இருக்குப்பா" என்றாள். அனுமதி கொடுக்கும் முறை என்னவென்று கைப்பேசியில் பார்த்து, கட்டைவிரலை வைத்தாள். "போயிட்டு வா. குளிருமாட்டத் தெரியுது, துண்டு எடுத்துக்க."

தூத்துக்குடியில் அவனுக்கு இரண்டு வேலைகள். கல்லறைத் தோட்டத்தில் ஐயாவின் பெயருக்குக் கீழே ஐம்பத்தேழு என்று செதுக்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "வந்துட்டேன்யா" என்றான். பிறகு வலைக்கடையைத் தேடிப் போனான். ரிச்மண்ட் ஒற்றைக் கண்ணால் அவனை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்தான். மன்னிப்பு என்ற சொல்லை ஜெபஸ்டின் பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தான். நேரில், கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"நீ இன்னும் சின்னப்பயலாத்தாம்ல என் மனசுல இருந்த" என்றான் ரிச்மண்ட். "இவ்வளவு கெழடு தட்டிப்போச்சே உனக்கு. ரெண்டு அறை விடலாம்னு இருந்தேன். இனி எங்க?" மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தான்.

அடுத்த பஸ்ஸிலேயே ஜெபஸ்டின் ஏறிவிட்டான். வழியில் பஸ் நின்ற இடங்களில் டீக்குக்கூட இறங்கவில்லை. இறங்கி, பஸ் போய்விட்டால்? ஏதோ காரணத்தால் தாமதமானால்? கரூர் நிலையத்தில் அவள் வந்து நிற்பாள், தூணுக்குத் தூண் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்துக்கொண்டே வந்தான். பதினாலு வருஷம் ஒருத்தர் அப்படிப் பார்த்தது போதும்.

விடிந்தும் விடியாமல் பஸ் நிலையத்தில் இறங்கினான். சுற்றிப் பார்த்தான். நறுமுகை அங்கே இல்லை. வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான். கதவைத் தட்டினான். திறக்கவில்லை. பலமாகத் தட்டினான். வெகுநேரம் கழித்து அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, தலை கலைந்து, எரிச்சலோடு வந்து கதவைத் திறந்தாள்.

"நீதானா? எதுக்குப்பா இப்படி இடிக்கற? நல்லாத் தூங்கிட்டிருந்தேன்."

சொல்லிவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பவும் போய்ப் படுத்துவிட்டாள். ஜெபஸ்டின் வாசற்படியிலேயே நின்றான். அவள் ராத்திரி முழுக்க நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். அவனுக்கு இதுவரை யாரும் கொடுத்ததிலேயே பெரியது அதுதான் என்று தோன்றியது. செருப்பைச் சத்தம் வராமல் கழற்றி வைத்துவிட்டு, அவள் பரீட்சைக்குக் கிளம்புவதற்குள் ஏதாவது செய்துவைக்கலாம் என்று அடுப்படிக்குப் போனான்.